கர்ப்பப்பை எடுத்த பின்: ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற பதில் போதுமா?

கர்ப்பப்பை ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பெண் என்ன தொந்தரவு சொன்னாலும் அவளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “கர்ப்பப்பையையே எடுத்தாச்சு, அப்படித்தான் இருக்கும்.” ராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கமே இல்லை என்றாலும் இதே பதில். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முதுகு விட்டுப்போகிறது, சிறுநீர் கசிகிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்றாலும் இதே பதில். சொல்கிறவர்கள் ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒற்றை வரிக்கு அடியில் ஐந்தாறு தனித்தனிக் காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கண்டுபிடித்துச் சரிசெய்யக் கூடியவை. பிரெஞ்சுக்காரர்கள் 1823இலேயே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் புதுச்சேரி. அந்த மரபில் வந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. மகளிருக்கும் குழந்தைகளுக்கும் என்றே எல்லைப்பிள்ளைச்சாவடியில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்தும் பெண்கள் ஆப்பரேஷனுக்கு இங்கே வருகிறார்கள். இத்தனை வசதி உள்ள இடத்தில், ஆப்பரேஷனுக்குப் பிந்திய வாரங்களை மட்டும் தெருப்பேச்சின் பொறுப்பில் விட்டிருக்கிறோம்.

பரவலான நம்பிக்கையிலிருந்து தொடங்கலாம்: கர்ப்பப்பை போனால் பெண்ணுக்கான ஹார்மோன் எல்லாம் போய்விடும். இது உண்மையல்ல. ஈஸ்ட்ரோஜன் சுரப்பது கர்ப்பப்பையில் அல்ல, அதன் இருபுறமும் உள்ள சினைப்பைகளில். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டுவைத்தால், மாதவிலக்கு நிற்கும்; ஹார்மோன் சுழற்சி உள்ளே நடந்துகொண்டே இருக்கும். மாதத்தில் சில நாள் மார்பு கனப்பது, எரிச்சல் வருவது போன்ற பழைய அறிகுறிகள் சிலருக்குத் தொடர்வது இதனால்தான். இயற்கையான மாதவிலக்கு நிறுத்தம் இவர்களில் சிலருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக வரலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் கதையே வேறு. பல ஆண்டுகளில் படிப்படியாக நடக்க வேண்டிய மாற்றம் ஓரிரு நாளில் நடந்து முடிகிறது. திடீரென்று முகம் பற்றி எரிவது, வியர்வை, தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி, மூட்டுவலி எல்லாம் இதன் விளைவுகள். எலும்பு வேகமாகத் தேய்கிறது. அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், 50 வயதுக்கு முன் சினைப்பைகளை இழந்து, ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையும் எடுக்காத பெண்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக இருந்தன.

ஆகவே, தூக்கம் வராத பெண்ணிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “சினைப்பை இருக்கா, அதையும் எடுத்துட்டாங்களா?” என்பது. வருந்தத்தக்க விஷயம், பல பெண்களுக்கு இதற்கு விடை தெரியாது. விடை அவர்கள் வீட்டு பீரோவிலேயே, டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. என்ன ஆப்பரேஷன் என்று எழுதிய வரியில் ‘டி.ஏ.எச்.’ என்று இருந்தால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்தது, ‘டி.எல்.எச்.’ என்றால் லேப்ராஸ்கோப் மூலம், ‘வி.எச்.’ என்றால் பிறப்புறுப்பு வழியாக. அதற்குப் பின்னால் ‘பி.எஸ்.ஓ.’ என்ற மூன்றெழுத்து சேர்ந்திருந்தால் இரண்டு சினைப்பைகளும் கருக்குழாய்களும் எடுக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். அந்த மூன்றெழுத்து இருக்கும் சீட்டை வைத்திருக்கும் நாற்பது வயதுப் பெண்ணிடம் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்வது அவளுக்குரிய சிகிச்சையை மறுப்பதாகும். உடனே ஒரு மறுப்பு வரும்: ஹார்மோன் மாத்திரை புற்றுநோயைக் கொண்டுவருமே? அந்தப் பயத்தின் வேர் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. அதில் மார்பகப் புற்றுநோய் கூடியது, ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் வகை மருந்தையும் சேர்த்து உட்கொண்ட, கர்ப்பப்பை உள்ள பெண்களிடம். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவின் முடிவு 2004இல் வந்தது. மார்பகப் புற்றுநோய் அதில் கூடவில்லை. பக்கவாதமும் ரத்தக்கட்டும் ஓரளவு கூடின. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 வயதைக் கடந்தவர்கள். இளம் வயதிலேயே சினைப்பைகளை இழந்தவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் தருவதே இன்று பெரும்பாலான மருத்துவ வழிகாட்டுதல்களின் பரிந்துரை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்டால்தானே சொல்வார்?

‘கர்ப்பப்பை இருந்த இடம் காலியாகக் கிடக்கும், குடல் இறங்கிவிடும்’ என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அந்த இடம் காலியாக இருப்பதில்லை. அக்கம்பக்கத்துக் குடல் மெல்ல அங்கே அமர்ந்துகொள்கிறது, அதனால் கெடுதல் எதுவும் இல்லை. பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்குப் பிறப்புறுப்பின் மேல்பகுதி கீழே இறங்குவது உண்மை. கர்ப்பப்பை இறக்கத்துக்காகவே ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியும், மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும்தான் அதற்குக் காவல். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட், எழுந்து நடக்கும்போது வலியைக் குறைத்துத் தெம்பு தரலாம். தொப்பையையோ இறக்கத்தையோ அது தடுக்காது.

ஓய்வு விஷயத்தில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நம்பிக்கைகள் ஊரில் உலவுகின்றன. ஒன்று, மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது. மற்றது, ‘கீஹோல்தானே, ஒரே வாரத்தில் சரியாகிவிடும்’ என்பது. இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை: வெளியே தெரியும் தழும்பின் நீளத்தை வைத்து உள்ளே இருக்கும் புண்ணை அளக்கிறோம். கர்ப்பப்பையை அதன் வாயோடு சேர்த்து எடுத்த பிறகு, பிறப்புறுப்பின் மேல்முனையை உள்ளே தையல் போட்டு மூடுகிறார்கள். வயிற்றில் ஒரு சாண் வெட்டியிருந்தாலும் அரை அங்குலத் துளை மூன்று போட்டிருந்தாலும் அந்த உள்தையல் ஒன்றுதான். அது கூடிவர ஆறு வாரமாவது ஆகும். லேப்ராஸ்கோப்பாலும் பிறப்புறுப்பு வழியாகவும் செய்தால் வலி குறைவு, அன்றாட வாழ்க்கைக்கு விரைவில் திரும்ப முடிகிறது என்பது பல ஆய்வுகளை ஒப்பிட்டு நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆனால் வெளிப்புண் சீக்கிரம் ஆறிவிட்ட தைரியத்தில் பாரம் தூக்குகிறவர்களுக்கு உள்தையல் விட்டுப்போகும் அபாயம் உண்டு. (லேப்ராஸ்கோப் செய்துகொண்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலித்தால் பதற வேண்டாம். வயிற்றை விரிக்கச் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் தெரியும் வலி அது. மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்து வந்தால் மட்டும் உடனே போக வேண்டும்.)

அதே சமயம் அசையாமல் படுத்தே கிடப்பதும் ஆபத்து. கெண்டைக்கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே உலை. இதனால்தான் ஆப்பரேஷன் அன்று மாலையோ மறுநாள் காலையோ நர்ஸ் வந்து எழுப்பி நடக்கவிடுகிறார். வீட்டில் மறந்துவிடுவது என்னவென்றால், நடப்பது வேறு, தூக்குவது வேறு. நிறைந்த ஒரு பிளாஸ்டிக் குடம் பத்திலிருந்து பதினைந்து கிலோ வரும்; ஆறு வாரம் வரை பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு ஏறக்குறைய ஐந்து கிலோ. ஈரத்துணி நிறைந்த பக்கெட், கிரைண்டர் கல், காஸ் சிலிண்டர், ‘தூக்கு’ என்று கை நீட்டும் பேரக்குழந்தை எல்லாம் அந்த வரம்புக்கு அப்பால். ஸ்கூட்டியை, வலியில்லாமல் சட்டென்று பிரேக் பிடித்துக் காலூன்ற முடிகிற வரைக்கும் தொட வேண்டாம். நடப்பதற்கு இந்த ஊரில் குறையில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடாத கடற்கரைச் சாலை ஒன்றரைக் கிலோமீட்டர் சமதளம். களைத்தால் உட்காரவும் இடம் உண்டு.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு இருக்கிறது. ‘நடக்கலாம்’ என்று டாக்டர் சொன்ன மறுநாளே மருமகளை அடுப்படிக்கு அனுப்பும் வீடுகள் இருக்கின்றன; ‘கட்டிலை விட்டு இறங்காதே’ என்ற பழைய கட்டளை, அறிவியல்படி தவறென்றாலும், அந்தப் பெண்ணுக்கு ஒரு காப்பாக இருந்தது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அந்தக் காப்பை எடுத்துவிட்டு வெறும் அறிவுரையை மட்டும் கையில் கொடுப்பது பெண்ணுக்குச் செய்யும் உதவியாகாது. ஆகவே, எத்தனை கிலோ, எத்தனை வாரம் என்பதை மருத்துவமனை எழுத்திலேயே தர வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று அதைக் கணவரிடமும் மாமியாரிடமும் நேரே சொல்ல வேண்டும். குருசுக்குப்பத்திலோ வைத்திக்குப்பத்திலோ கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கு இதுவும் போதாது. ஆறு வாரம் என்பது அவளுக்கு ஆறு வார வருமானம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷனுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு தரும் நம் மகப்பேறு நலச் சட்டவிதிகள், அதைவிடப் பெரிய இந்த ஆப்பரேஷனைக் கண்டுகொள்ளவில்லை. கேரள அரசு தன் பெண் ஊழியர்களுக்கு இதற்கென்றே 45 நாள் விடுப்பு தருகிறது. இங்கும் வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் இது. கூலி வேலை செய்கிறவர்களுக்கு விடுப்பு என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு நேரடி உதவித்தொகைதான் வழி.

அடுத்தது பத்தியம் பற்றிய நம்பிக்கைகள். தண்ணீர் நிறையக் குடித்தால் தையல் ஊறிச் சீழ் பிடிக்கும். கத்தரிக்காய், மீன், கருவாடு, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகாது. மிளகு ரசமும் பூண்டும் சோறும் போதும். பிள்ளை பெற்ற வீட்டுப் பத்தியம் அப்படியே ஆப்பரேஷனுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சீழ் பிடிப்பது கிருமியால். அந்தக் கிருமிக்குச் சாதகமாக இருப்பவை கட்டுப்படாத சர்க்கரை, ரத்தசோகை, உடல் பருமன், புகையிலை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வில் சர்க்கரை நோய் மிகுந்த இடங்களில் கோவா முதலிடம், 26.4 விழுக்காடு. மயிரிழையில் இரண்டாமிடம் புதுச்சேரி, 26.3. வயதுவந்தவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள ஊரில், தையல் சீழ் பிடித்ததற்குக் கத்தரிக்காயைக் காரணம் சொல்லிவிட்டு, மூன்று வேளையும் வெறும் சோற்றைப் போட்டுச் சர்க்கரையை ஏற்றிவிடுகிறோம். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் அதற்குத்தான். தண்ணீரைக் குறைத்தால் தையல் காயாது. மலம் இறுகும், சிறுநீர்த் தொற்று வரும். வலி மாத்திரைகளில் சில ஏற்கெனவே மலச்சிக்கலைத் தருபவை. முக்கி முக்கி மலம் கழிப்பது உள்தையலுக்குக் குடத்தைத் தூக்குவதைப் போலவே கெடுதல்.

களைப்புக்கும் இதே இடத்தில்தான் விடை. கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்ததே பலருக்கு அதிக உதிரப்போக்கால்; அதாவது ஆப்பரேஷன் மேஜைக்கே ரத்தசோகையோடு போனவர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. புதுச்சேரியிலும் பாதிக்கு மேல். உதிரப்போக்கு நின்றதும் ரத்தம் தானாக ஊறிவிடாது. ஹீமோகுளோபின் ஏற ஓரிரு மாதம், உடம்பின் இரும்பு இருப்பு நிரம்ப அதற்கு மேலும் சில மாதம் மாத்திரை தொடர வேண்டும். காபியோடும் டீயோடும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். இடையில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். எட்டு வாரம் கழிந்தும் படி ஏறினால் மூச்சு வாங்கும் பெண்ணுக்கு முதலில் தேவை ஒரு ரத்தப் பரிசோதனை.

முதுகுவலி வந்தால் பழி முதுகுத்தண்டில் போட்ட ஊசிமேல் விழுகிறது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிப்பதுண்டு. எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலியும் சிலருக்கு அந்த ஊசியால் வரும். அதைச் சொன்னால் சிகிச்சை உண்டு. ஆண்டுக்கணக்கான முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நீண்ட நாள் படுக்கையால் தளர்ந்த தசை, வைட்டமின் டி குறைவு, சினைப்பை எடுத்தவர்களுக்கு எலும்புத் தேய்மானம் ஆகியவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். ஊசியைக் குற்றம் சொல்லி ஓய்ந்துவிட்டால் இவை எதுவும் கண்ணில் படாது.

இந்த ‘அப்படித்தான்’ மிகக் கொடுமையாக வேலை செய்வது சிறுநீர்க் கசிவில். இருமினால், சிரித்தால் சொட்டுவது ஒரு வகை; பயிற்சியிலும் சிகிச்சையிலும் பெரும்பாலும் குறையும். ஆப்பரேஷன் முடிந்து ஓரிரு வாரத்தில், இருமாமலே, படுத்திருக்கும்போதும், ராப்பகலாகப் பிறப்புறுப்பு வழியே நீர் கசிந்துகொண்டே இருந்தால் அது வேறு. சிறுநீர்ப்பைக்கோ சிறுநீர்க்குழாய்க்கோ பட்ட காயத்தால் அங்கே ஒரு துளை விழுந்திருக்கலாம். சிறிய துளையை உடனே கண்டுபிடித்தால் சில வாரம் சிறுநீர் டியூப் வைத்தே மூட வாய்ப்புண்டு. மற்றவற்றை ஆப்பரேஷனால் சரிசெய்யலாம். இதை வெள்ளைப்படுதல் என்றோ பலவீனம் என்றோ நினைத்து, நாற்றத்துக்கு அஞ்சித் தனி அறையில் தனிப் பாயில் ஒதுங்கி ஆண்டுகளைக் கழிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். யாரும் அப்படி வாழ வேண்டியதில்லை. இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியவை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவு உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், வயிறு உப்பி வாந்தி நிற்காமலிருப்பது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் உள்தையல் கரையும்போது லேசாகக் கறைபடுவது சாதாரணம். மேலே சொன்ன எதுவும் சாதாரணமல்ல. அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாம்பத்தியம் இதோடு முடிந்தது என்ற நம்பிக்கையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனாலேயே அதற்கு ஆயுள் நீளம். உள்தையல் கூடும் வரை, குறைந்தது ஆறு வாரம், தள்ளி இருக்க வேண்டும். சில மருத்துவர்கள் இன்னும் சில வாரம் கேட்பார்கள். அதன் பிறகு? அமெரிக்காவின் மேரிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 1999இல் வெளிவந்த ஆய்வில் உறவின்போது வலி குறைந்திருந்தது, நாட்டம் கூடியிருந்தது. 2003இல் வந்த நெதர்லாந்து ஆய்வும் இதே திசையில்தான். வலியும் உதிரப்போக்கும் ஒழிந்த உடம்புக்கு இது வியப்பல்ல. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. சினைப்பை போனதால் வறட்சி உள்ளவர்களுக்கு அதற்கான கிரீம்கள் உண்டு. மனச்சோர்வும் இப்படித்தான்: பெரும்பாலானவர்களுக்கு ஆப்பரேஷன் நிம்மதியைத் தருகிறது; ஆனால் முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள், நாள்பட்ட வலியோடு இருந்தவர்கள், இன்னொரு குழந்தையை விரும்பியவர்கள் கூடுதலாகத் துவள்கிறார்கள். ‘பிள்ளை பெத்து முடிச்சாச்சே, இன்னும் அது எதுக்கு’ என்று கேட்பவர்கள், உறுப்பு இழப்பின் துக்கத்துக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை என்பதை உணர வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நீடித்தால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

இத்தனையும் எதற்கு, தேவையில்லாத ஆப்பரேஷனை நிறுத்துவதல்லவா முக்கியம் என்று கேட்கலாம். முக்கியம்தான். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை 2019இல் விசாரித்தபோது 13,861 பேர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். இத்தகைய கொடுமைகள் தொடர்பான ஒரு பொதுநல வழக்கில், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று ஆணையிட்டது. புதுச்சேரிக்கும் அது பொருந்தும். ஆனால் ஏற்கெனவே செய்துகொண்ட பெண்ணுக்கு, அது தேவையாக இருந்ததோ இல்லையோ, உடம்பு தேற வேண்டும். ‘ஏன் எடுத்துக்கொண்டாய்’ என்ற கேள்வி அவளுக்கு எந்த விதத்திலும் உதவாது.

கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இதையெல்லாம் கேட்க நேரமேது என்பது உண்மையான குறை. நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் இரண்டு நிமிடம் போதும்: சினைப்பை இருக்கிறதா, கர்ப்பப்பையின் வாய் இருக்கிறதா, எவ்வளவு நாள் பாரம் தூக்கக் கூடாது, பயாப்சி முடிவு என்ன. வாயை விட்டுவைத்திருந்தால், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை முன்போலத் தொடர வேண்டும். ‘எல்லாம் எடுத்தாச்சே’ என்று அதைக் கைவிடுகிறவர்கள் உண்டு. பயாப்சி முடிவு கடைசிக் கேள்வி என்றாலும் அதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் விடக் கூடாது. எடுத்த கர்ப்பப்பை ஆய்வகத்துக்குப் போகிறது, முடிவு சில நாளோ இரண்டு மூன்று வாரமோ கழித்து வருகிறது. அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டதால் பலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். கட்டி என்று நினைத்து எடுத்ததில் எப்போதாவது புற்றுநோய் தென்பட்டால், அது தெரிய வருவது அந்த ஒரு தாளில்தான்.